180 பேர் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு நாலு பேர்தான் வருகிறார்கள்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் ஒன்பது வருடமாக மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். இந்த ஊரில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண்களுக்காகப் போன வருடம் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இப்போது 180 பேர் இருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு 31 பேர் வந்தார்கள், இரண்டாவதற்கு 11, மூன்றாவதற்கு நாலே பேர். இடம் கிடைத்ததைப் பொறுத்து ஒரு ஞாயிறு, ஒரு சனி, ஒரு வெள்ளி மாலை என்று நடத்தினோம். மூன்றிலும் சாதித்த பெண்மணி ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம். குழுவிலோ வேலைவாய்ப்பு ஃபார்வர்டும் பண்டிகை வாழ்த்தும்தான் ஓடுகின்றன. இப்போது ஒரு நிறுவனம் இடமும் செலவும் தருவதாகச் சொல்கிறது. பதிலுக்கு உறுப்பினர் பட்டியலைக் கேட்கிறது. எங்கே தவறினேன்? தொடரலாமா? (வாசகி, கோவை)

அன்புள்ள தோழிக்கு,

கட்டாயம் தொடருங்கள். முதல் வேலையாக, மூன்றாவது கூட்டத்துக்கு வந்த அந்த நாலு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். வெள்ளி மாலை, வாரம் முழுக்க வேலை பார்த்த களைப்போடு, வீட்டுக்குப் போகாமல் உங்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். உங்களையும் சேர்த்து ஐந்து பேர். இன்றைக்கு உங்கள் குழு அதுதான். 180 என்பது தொலைபேசி எண்களின் கணக்கு.

முதல் கூட்டத்துக்கு எல்லோரும் ஆர்வத்தில் வருவார்கள். இரண்டாவதற்கு வர ஒரு காரணம் வேண்டும். சாதித்த ஒருவர் ஒரு மணி நேரம் பேச, மற்றவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தால் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பெயர்கூடத் தெரியாமல் போய்விடும். அந்தப் பேச்சை வீட்டிலிருந்தே யூடியூபில் கேட்கலாமே என்று அவர் நினைத்தால் தவறில்லை. உங்கள் ஊரில், உங்கள் வேலையில் இருக்கும் ஒருத்தியோடு உட்கார்ந்து சிக்கலை அவிழ்ப்பது மட்டும் யூடியூபில் கிடைக்காது. கூட்டத்தை அதைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

நாளிலிருந்து ஆரம்பியுங்கள். இடத்துக்கு ஏற்ப நாளை மாற்றியதுதான் பெரிய இழப்பு. சென்னையில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆர்வலர்களின் கூட்டம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்றும், பைத்தான் என்ற நிரல்மொழி ஆட்களின் கூட்டம் நான்காவது சனிக்கிழமை என்றும் பல வருடங்களாக நடந்து வந்தன. அழைப்பு வராவிட்டாலும் அன்று கூட்டம் இருக்கும் என்பது ஆட்களுக்குத் தெரியும். பெண்களுக்கு இந்த நிச்சயம் இன்னும் முக்கியம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவிடம் சொல்ல வேண்டும், சமையலை முன்னால் முடிக்க வேண்டும், ஷிஃப்டை மாற்றிக் கேட்க வேண்டும். மூன்று நாளுக்கு முன்னால் வரும் அறிவிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவையும் செய்ய முடியாது.

உங்களுக்கு என் யோசனை மூன்றாவது சனிக்கிழமை, காலை 10.30 முதல் 12.30 வரை. ஞாயிறு வேண்டாம், கறி வாங்குவது, எண்ணெய்க் குளியல், உறவினர் வருகை எல்லாம் அன்றுதான். இரண்டாவது சனிக்கிழமை பல பள்ளிகளுக்கு விடுமுறை, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு வைத்தால் அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை பார்க்கிறவர்கள் வர மாட்டார்கள். வெள்ளி இரவு ஷிஃப்ட் முடிந்து அவர்கள் படுப்பதே சனி அதிகாலையில்தான். மாலை வேண்டாம், திரும்பும்போது இருட்டிவிடும். 12.30க்கு முடிப்பதாகச் சொன்னால் 12.30க்கு முடிக்க வேண்டும். பேச்சு சூடுபிடித்திருந்தாலும் முடியுங்கள். நிற்க முடிந்தவர்கள் டீக்கடையில் நிற்கட்டும். ஒருமுறை ஒன்றரை மணி வரை இழுத்துவிட்டால், "பன்னிரண்டரைக்கு வந்துவிடுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவருக்கு அடுத்த மாதம் வருவது கஷ்டமாகிவிடும்.

தீபாவளி, பொங்கலை ஒட்டி வரும் கூட்டத்தை விட்டுவிடலாம், ஆனால் வருடத் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழுநாள் பயிலரங்கு வைப்பதானால் நாள்காட்டியில் முகூர்த்த நாட்களைப் பாருங்கள். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தத்தோடு மோதினால் பாதி நாற்காலி காலியாக இருக்கும்.

அடுத்தது பொறுப்பு. உங்கள் கடிதத்தில் "தொடங்கினேன்", "தவறினேன்" என்று எல்லாமே ஒருமையில் இருக்கிறது. கவலை தருவது அதுதான். இப்படித் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் சண்டையால் கலைவதில்லை. தொடங்கியவருக்குக் குழந்தை பிறக்கும், பெங்களூருக்கு மாற்றல் வரும், மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கும். குழு அத்தோடு நின்றுவிடும். அதனால் நான்கு பொறுப்புகளைப் பிரியுங்கள்: இடம், நிகழ்ச்சி, புதியவர்களைக் கவனிப்பது, பணமும் பதிவேடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் இருக்கிறீர்கள் என்றால் ஒருவருக்கு இரண்டு வேலை வரும், முதல் ஆறு மாதத்துக்கு அது பரவாயில்லை. ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் பொறுப்பில் இருக்க வேண்டாம். மூன்று பேர் இருந்தால் ஊரில் அதை அந்த நிறுவனத்தின் குழு என்றே பேசுவார்கள். தங்கள் மேலாளரைப் பற்றி வாய் திறக்க மற்றவர்களும் தயங்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் வராமலே ஒரு கூட்டம் நடக்கட்டும். நடக்கிறதா என்று பார்க்கவே ஒரு மாதம் வேண்டுமென்றே விலகி இருங்கள்.

இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் கால் மணி வந்து சேரவும் பெயர் அட்டை எழுதவும். பிறகு பத்து நிமிடம் அறிமுகம்: பெயர், செய்கிற வேலை, "இந்த மாதம் எனக்குச் சிக்கலாக இருக்கும் ஒரு விஷயம்". நிறுவனப் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டாம். அடுத்து உறுப்பினர்களில் இருவர், ஆளுக்குக் கால் மணி நேரப் பேச்சு. அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம் மூன்று, நான்கு பேராக உட்கார்ந்து கைவேலை. கூட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடைசி கால் மணி டீ. ஐம்பது நிமிடத்தில் என்ன செய்யலாம்? மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து (கையால் சோதிப்பது) ஆட்டோமேஷனுக்கு (நிரல் எழுதித் தானாகச் சோதிக்க வைப்பது) மாற நினைப்பவர்கள் ஒரு மேசையில் லாகின் பக்கத்துக்கு முதல் ஸ்கிரிப்ட் எழுதலாம். இன்னொரு மேசையில் தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும், மெதுவாக ஓடும் ஒரு எஸ்.க்யூ.எல். வினவலைப் பிரித்துப் பார்க்கலாம். மூன்றாவதில் ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவரின் ரெஸ்யூமை மூன்று பேர் வரிவரியாகத் திருத்தலாம். ஒரு மேசைக்கு நாலு பேருக்கு மேல் போனால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் பழைய கதைக்குத் திரும்பிவிடும். பெண்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர 2014இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகளிலும் மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பதுதான் வழக்கம். அவர்களுடைய பாடம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் முழுநாள் பயிலரங்குக்கு அதை அப்படியே பயன்படுத்தலாம்.

கைவேலைக்கு யாரும் அலுவலக நிரலையோ வாடிக்கையாளர் தரவையோ கொண்டுவரக் கூடாது. அலுவலக லேப்டாப்பைத் திறப்பதையே தவிர்ப்பது நல்லது. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் சனிக்கிழமைக்கும் பொருந்தும். பொதுவில் கிடைக்கும் மாதிரித் தரவுகளை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் முந்தின வாரமே இறக்கி வைத்திருக்கட்டும். கூட்ட அரங்கில் வைஃபை வரும் என்று நம்ப வேண்டாம்.

பேச்சைத் தமிழில் நடத்துங்கள். பலர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள், என் கணிப்பில் உங்கள் குழு நிற்பதும் விழுவதும் இதில்தான் இருக்கிறது. கோவையின் ஐ.டி. அலுவலகங்களில் உடுமலையிலிருந்தும் கோபியிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் வந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்து, தன் வேலையை நுட்பமாகச் செய்துகொண்டு, மீட்டிங்கில் மட்டும் வாய் திறக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் வந்து உட்காரும் இடத்திலும் ஆங்கிலம் ஓடினால் இங்கேயும் அதே மூலைதான் அவர்களுக்கு மிஞ்சும். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், கலைச்சொற்களும் அப்படியே இருக்கட்டும், விளக்கம் நம் பேச்சில் இருக்கட்டும். முதல்முறை பேசுகிறவரோடு பொறுப்பாளர் ஒருவர் ஒரு வாரம் முன்னால் போனில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பேச்சை முழுதாக ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த ஒத்திகை இருந்தால் ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் "உடம்பு சரியில்லை" என்று விலகுவது வெகுவாகக் குறையும். தமிழ் தெரியாதவர் வந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஒருவருக்காக மொத்தக் கூட்டத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட வேண்டாம்.

தலைப்புகளை நீங்களே முடிவு செய்யாதீர்கள். அறிமுகத்தில் சொல்லும் சிக்கல்களைப் பதிவேட்டில் எழுதிவந்தால் மூன்று மாதத்தில் ஒரு வருடத்துக்கான தலைப்பு சேர்ந்துவிடும். தொழில்நுட்பம் அல்லாதவையும் வரும், அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு விடுப்பு ஓர் உதாரணம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, உயிரோடு இரண்டு குழந்தைகள் இல்லாதவருக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும். தெரியாமலே இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளமும் அப்படித்தான். பெயரில்லாத ஒரு படிவத்தில் பதவி, அனுபவ ஆண்டுகள், சம்பள வரம்பு மட்டும் வாங்கி, மொத்தமாகக் காட்டுங்கள். ஒரு வகையில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த வரியைக் காட்ட வேண்டாம். யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று அளக்க வந்தவர்களை எண்ணாதீர்கள், இரண்டாம்முறை வந்தவர்களை எண்ணுங்கள். பதிவேட்டில் ஒவ்வொருவரும் முதலில் வந்த மாதம், பிறகு வந்த மாதங்கள், இவ்வளவு போதும். 40 பேர் வந்து அடுத்த மாதம் மூன்று பேர் திரும்பினால் எங்கோ கோளாறு. 12 பேர் வந்து எட்டுப் பேர் திரும்பினால் குழு வளர்கிறது. கட்டணமில்லாத கூட்டத்துக்குப் பதிந்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே நல்ல வருகை என்று வைத்துக்கொண்டு நாற்காலியும் டீயும் சொல்லுங்கள். புதிதாக வந்தவருக்கு இரண்டு நாளுக்குள் தனிச் செய்தி போக வேண்டும், அது எல்லோருக்கும் ஒரேபோல் அனுப்பும் நன்றிச் செய்தியாக இருக்கக் கூடாது. "நீங்கள் கேட்ட ஏ.பி.ஐ. டெஸ்டிங் பற்றி அடுத்த மாதம் ஒரு மேசை போடுகிறோம், வாங்க" என்று அவர் சொன்னதை நினைவில் வைத்து எழுத வேண்டும். ஒரு பொறுப்பாளருக்கு மூன்று புதியவர்கள் என்று பிரித்துக்கொண்டால் இது பத்து நிமிட வேலை.

வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம், பிரித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' வசதி இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே அறிவிப்பு போட முடியும். கூட்டத் தேதி, இடம், நடந்ததன் சுருக்கம் என்று மாதம் நாலைந்து செய்திக்கு மேல் அதில் போடாதீர்கள். வேலைவாய்ப்புக்குத் தனிக் குழு, அதில் பதவி, அனுபவம், ஊர், யாரைக் கேட்பது என்ற நான்கும் இல்லாத ஃபார்வர்டை நீக்கிவிடலாம். இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணக் குழுவில் 180 பேரின் எண்ணும் 180 பேருக்கும் தெரியும். அறிவிப்புக் குழுவில் மற்ற உறுப்பினர்களுக்கு உங்கள் எண் தெரியாது, அட்மின்களுக்கும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். சேர்ப்பு லிங்க்கைப் பொதுவில் பகிராதீர்கள், புதியவர்களை அட்மின் ஒப்புதலோடு சேர்க்கும் அமைப்பை இயக்கி வையுங்கள். பெண் பெயரில் நுழைந்து எண்களை அள்ளிக்கொண்டு போகும் ஆட்கள் உண்டு.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரவணம்பட்டியில் வைத்தால் பீளமேட்டு ஆட்களுக்குத் தூரம், பீளமேட்டில் வைத்தால் உங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தூரம். காந்திபுரத்தை ஒட்டிக் கிடைத்தால் நல்லது. சத்தி ரோட்டுப் பேருந்தும் அவிநாசி ரோட்டுப் பேருந்தும் அங்கே வரும், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. இடத்தைப் பார்க்கப் போகும்போது முதலில் கழிப்பறையைப் பாருங்கள். பால் கொடுக்க ஒரு மறைவும், பிள்ளைகள் உட்கார ஒரு பாயும் வண்ணப் பென்சிலும் வேண்டும். "குழந்தையோடு வரலாம்" என்று அழைப்பில் வெளிப்படையாக எழுதினால்தான் தாய்மார்கள் நம்புவார்கள். கல்லூரி அரங்கு இலவசமாகக் கிடைக்கும், ஆனால் 200 மாணவிகளை உட்கார வைத்துவிடுவார்கள், உங்கள் கூட்டம் அவர்களுடைய விழாவாகிவிடும். டைடல் பார்க் போன்ற வளாகம் என்றால் பெயர்ப் பட்டியல் முந்தின நாளே வாயிலுக்குப் போயாக வேண்டும், லேப்டாப் வரிசை எண்ணையும் எழுதச் சொல்வார்கள். அதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி அந்த நிறுவனத்தின் கேள்வி. இடத்தையும் டீயையும் வாங்கிக்கொள்ளுங்கள், பட்டியலைக் கொடுக்காதீர்கள். கூட்ட அறிவிப்புக்காக உங்களை நம்பித் தந்த எண்களை ஆள் எடுக்கும் பிரிவுக்குக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம். எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டுமே தனிநபர் தரவைப் பயன்படுத்தலாம் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும். மாற்றாக ஒன்று சொல்லுங்கள்: கூட்ட முடிவில் ஐந்து நிமிடம் அவர்கள் வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசலாம், விருப்பமுள்ளவர் தாமே போய் எண் கொடுப்பார். இதற்கு ஒப்பாவிட்டால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். 25 பேருக்கு ஆளுக்கு 40 ரூபாய் டீயும் வடையும் என்றால் ஆயிரம் ரூபாய், அதை உண்டியல் வைத்தே சேர்க்கலாம். பணம் ஒருவரின் சொந்த ஜிபே கணக்குக்குப் போகிற வரை இரண்டு பேர் கணக்குப் பார்த்து, வரவுசெலவை மாதாமாதம் அறிவிப்புக் குழுவில் போட வேண்டும். தொகை பெருகினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்யலாம், அதற்கு ஏழு பேர் வேண்டும். அந்த நேரத்தில் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

பெரிய உலக அமைப்பு ஒன்றின் கிளையாகச் சேரலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். அவர்களின் பாடங்களையும் பேச்சாளர்களையும் பயன்படுத்துங்கள், ஆனால் பெயரும் பதிவேடும் உங்களுடையதாக இருக்கட்டும். 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை பரப்பிய, தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான 'விமன் ஹூ கோட்' அமைப்பு 2024 ஏப்ரலில் நிதி இல்லாமல் மூடப்பட்டது. அதே வருடம் 'கேர்ள்ஸ் இன் டெக்' அமைப்பும் மூடப்பட்டது. தலைமையகத்தையே நம்பியிருக்கும் ஊர்க் குழுவுக்கு இது பெரிய அடி.

ஒரு பக்க நடத்தை விதியை அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆனால் சொந்த விருப்பத்தில் சனிக்கிழமை கூடும் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் பிறகு இரவில் செய்தி அனுப்பத் தொடங்கினால் எந்த நிறுவனத்தின் குழு அதைக் கேட்கும் என்பதில் குழப்பம் வரும். அதனால் உங்கள் விதியில் இரண்டு பொறுப்பாளர்களின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். அவர்கள் புகாரைக் கேட்டு, தேதி நேரத்தோடு எழுதிவைத்து, ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்தி, புகார் சொன்னவர் சம்மதித்தபடி மட்டுமே அடுத்த அடி எடுக்க வேண்டும். எதிராளியை நேருக்கு நேர் உட்கார வைத்துச் சமரசம் பேசும் வேலை கூடவே கூடாது. பேச்சாளர் உறுப்பினரைத் தனியே தொடர்புகொள்ள வேண்டுமானால் பொறுப்பாளர் வழியாகத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை வராது. அலுவலகத்தில் நடந்ததை யாராவது சொன்னால், உள்ளகக் குழுவுக்கு எழுத்தில் புகார் தரச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் பொதுவான கெடு என்பதை உடனே தெரிவியுங்கள். பலர் அழுது ஆறுதல் தேடுவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடுகிறது.

ஆண்களைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஊர் கேட்கும். மாதக் கூட்டம் பெண்களுக்கு மட்டும் என்று தெளிவாக இருங்கள். வருடாந்தரப் பயிலரங்கில் பயிற்றுநராக ஆண்கள் வரட்டும். அப்ரைசலில் நடந்தது, கருவுற்றதைச் சொன்னதும் ப்ராஜெக்ட் மாறியது போன்ற பேச்சு, அதே அலுவலகத்து ஆண் ஒருவர் இருக்கும் அறையில் எழாது.

இப்போது செய்ய வேண்டியது: அந்த நாலு பேரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுப்பைப் பிரியுங்கள். அடுத்த ஆறு மூன்றாம் சனிக்கிழமைகளுக்கு ஒரே இடத்தைச் சொல்லி வையுங்கள். கூட்டத்துக்குப் பத்து நாள் முன், மூன்று நாள் முன், முந்தின மாலை என்று மூன்று முறை அறிவிப்பு போகட்டும். கடைசி அறிவிப்பில் வாசலின் படமும் பேருந்து நிறுத்தத்தின் பெயரும் இருக்கட்டும். வீட்டில் காட்டினால் கேள்வி எழாதபடி அழைப்பை எழுத வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். ஐ.டி. வேலையில் இருக்கும், வேலைக்குத் திரும்ப நினைக்கும் கோவைப் பெண்களின் மாதக் கூட்டம். மூன்றாம் சனிக்கிழமை காலை 10.30க்குத் தொடங்கி 12.30க்கு முடிந்துவிடும். பெண்களுக்கு மட்டும். கட்டணம் இல்லை. பேச்சு தமிழில். இந்த மாதம் மூன்று மேசை: ஆட்டோமேஷன் முதல் ஸ்கிரிப்ட், எஸ்.க்யூ.எல்., ரெஸ்யூம் திருத்தம். லேப்டாப் இல்லாவிட்டாலும் வரலாம், குழந்தையோடும் வரலாம். நிறுத்தத்தில் இறங்கியதும் கூப்பிடுங்க, ஒருத்தர் வந்து கூட்டிக்கொண்டு போவோம்."